டில்லிச் செங்கண்மாரியும் நோய்க்கண்காணிப்பின் வரலாறும்

ஒரு நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றை வைத்தியசாலைகளின் வரலாறாக மட்டும் எழுதிவிடுதல் பொருந்தாது. வைத்தியசாலையின் வாயிலை அடையாத நோயாளரை அந்நாடு எப்போது எண்ண முற்பட்டது, எவ்வாறு எண்ணியது என்னும் வினாக்களும் அவ்வரலாற்றுக்கு உரியனவே. வைரசு ஈரலழற்சியைப் பொறுத்தவரை, 1955-56இல் டில்லியிற் பரவிய செங்கண்மாரி இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற சான்றாகும்.

1955ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யமுனை பெருக்கெடுத்தது. வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் ஓட்டம் வசீராபாத் நீரேற்று நிலையத்தை விட்டு விலகியிருந்தது. நகரக் கழிவைச் சுமந்துவரும் நஜப்கார் வடிகால் அந்நிலையத்துக்குக் கீழே ஆற்றோடு கலப்பது. ஓட்டம் மாறியமையால் கழிவுநீர் பின்னோக்கி ஏறி, நவம்பர் நடுப்பகுதியிற் குடிநீர் எடுக்கும் வாயிலை அடைந்தது. அங்கு குளோரீனின் அளவு கூட்டப்பட்டது. ஆயினும் டிசம்பர், சனவரி மாதங்களில் நோய் நகரெங்கும் பரவியது.

விசுவநாதன் 1957இல் வெளியிட்ட ஆய்வு இரு வகையிற் குறிப்பிடத்தக்கது. முதலாவதாக, வைத்தியசாலைப் பதிவேடுகளோடு அமையாது, வீடுகளில் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பையும் அது ஆதாரமாகக் கொண்டது. மஞ்சளித்தோர் ஏறத்தாழ 29,300 பேர் என்பது அதன் மதிப்பீடு. இரண்டாவதாக, அதே காலத்தில் நெருப்புக் காய்ச்சல் பெருகவில்லை என்பதை அது எடுத்துக்காட்டியது. பற்றீரியாக்களை அழித்த குளோரீன் இவ்வைரசை அழிக்கப் போதவில்லை. எனவே, பற்றீரியாச் சோதனையில் தேறிய நீர் யாவும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை தகர்ந்தது.

கர்ப்பிணிகளிடையே நோயின் கடுமையும் மரணமும் மிகுந்திருந்தமையும் பதிவாயிற்று. ஆனால் அதன் காரணம் அன்று விளங்கவில்லை. தொற்று ஈரலழற்சி, குருதிவழி ஈரலழற்சி என்ற இருவகைப் பாகுபாடே அக்கால மருத்துவத்தில் நிலவியது. டில்லி நோய் முதல் வகையில் அடக்கப்பட்டது.

ஏ வகை வைரசு 1973இல் இனங்காணப்பட்டபின் அதற்குரிய சோதனைகள் உருவாயின. சேமித்து வைக்கப்பட்டிருந்த டில்லி நோயாளரின் குருதிநீரை அவற்றாற் பரிசோதித்து, அந்நோய் ஏ வகையன்று என்று 1980இல் அறிவித்தனர். 1978இற் காசுமீரிற் பரவிய செங்கண்மாரியை ஆராய்ந்த குரூவும் அதே ஆண்டில் இத்தகைய முடிபுக்கே வந்தார். 1983இல் சோவியத் விஞ்ஞானி பலயான், நோயாளரின் மலத்திலிருந்து பெற்ற கரைசலைத் தாமே அருந்தி நோயுற்று, வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டார். 1990இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அது ஈ வகை எனப் பெயர்பெற்றது.

ஆக, கால் நூற்றாண்டின் பின்னர் உண்மை தெளிவானமைக்கு, பேணப்பட்ட குருதிநீரும் ஒழுங்காக எழுதப்பட்ட பதிவுமே துணைபுரிந்தன. இந்தியா 2004இல் ஒருங்கிணைந்த நோய்க்கண்காணிப்புத் திட்டத்தையும், 2018 ஜூலை 28இல் தேசிய வைரசு ஈரலழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. பின்னையதன் கீழ் பி, சி வகைகளுக்கு இலவச மருந்து வழங்கப்படுதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஈ வகையைத் தடுக்கும் வழி மருந்தகத்தில் இல்லை. வடிகாலையும் குடிநீரையும் பிரித்துவைப்பதிலேயே உள்ளது. நோயாளரை எண்ணுவதோடு நின்று, அவர்கள் அருந்தும் நீரை மாற்ற முனையாத கண்காணிப்பு, மக்களின் துயரைப் பதிவேட்டில் ஏற்றுவதாக மட்டுமே முடியும்.