கண்டித் துப்பாக்கியும் கல்முனைக் கரையும்

கல்முனைக் கரையின் கதையை வயல், கடல், மருதமுனைத் தறி என்பவற்றோடு நிறுத்திவிடுகிறோம். 1626இல் கண்டி மன்னன் செனரத் இப்பகுதியில் முஸ்லிம்களைக் குடியேற்றினான் என்பது வரலாறு. அவன் அரசின் துப்பாக்கிக் கலையும் நம் கதையோடு சேர வேண்டியதே. அது போர்த்துக்கீசரைப் பார்த்துச் செய்ததுதானே என்பார்கள். வெடிகுழலை அவர்கள் கொண்டுவந்தது உண்மை. ஆனால், 1580களில் கோவாவில் வாழ்ந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன், சிங்களக் கொல்லரின் குழல்களை மிக நேர்த்தியானவை என்று எழுதினார். துருத்தியும் சம்மட்டியும் அரமும் அந்தக் கைகளுக்குப் பழகியவை. வெறும் நகலென்றால், இலங்கைத் துப்பாக்கியின் விசைப்பொறி ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் அமைந்தது ஏன்? பிளவுபட்ட அடிக்கட்டையும் தந்தச் செதுக்கலும் இங்கே பிறந்த தீர்மானங்கள்தாம்.