உபதேசியாரும் ஏஜெண்டும்: நிக்கோபார் திருச்சபைத் தலைமையில் பெண்கள்

நிக்கோபார் கிறிஸ்தவத்தின் கதையை யார் எழுதினாலும் இரண்டு ஆண்களில்தான் தொடங்குகிறார்கள். ஒருவர் வேதப்பன் சாலமோன், தமிழ் உபதேசியார். மற்றவர் அவரிடம் படித்த ஹா-செவ்-கா, பின்னாளில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1966-இல் தனி மறைமாவட்டமாகி, 1970-இல் வட இந்தியத் திருச்சபையில் இணைந்த அந்தமான் நிக்கோபார் ஆங்கிலிக்கச் சபைக்கு இதுவரை வந்த பேராயர் எல்லாரும் ஆண்களே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நிக்கோபார் மாவட்டத்தில் பத்தில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள். இவ்வளவு பெரிய சபையின் வரலாற்றில் பெண் பெயர்கள் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன?

பெண்களை ஒடுக்கிவைத்த சமூகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கார் நிக்கோபாரில் நிலம், தென்னை, பன்றி எல்லாம் ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்தின் சொத்து. கல்யாணமானால் பெண்தான் புகுந்த வீடு போக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. ஆள் தேவைப்படும் துஹெத்துக்கு மாப்பிள்ளையே போய்ச் சேருவதும் சகஜம். தெற்கே நான்கௌரியில் ராணி ஈஸ்லோனும், அவருக்குப் பின் ராணி லட்சுமியும் தலைமை வகித்திருக்கிறார்கள். ஊர்த்தலைமை பெண்ணுக்கு வாய்த்த தீவுகளில் சபைத்தலைமை வாய்க்கவில்லை.

ஆங்கிலிக்க மரபு குருப்பட்டத்தைப் பெண்ணுக்குத் தர நெடுங்காலம் மறுத்தது என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது உண்மைதான், ஆனால் போதாது. குருப்பட்டம் கிடைக்காத காலத்திலும் தமிழ்நாட்டுச் சபைகளில் பெண்கள் தலைமைப் பணி செய்திருக்கிறார்கள், அதற்குப் பதிவும் இருக்கிறது. பாளையங்கோட்டை குளோரிந்தாவையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் மணமின்றி வாழ்ந்தார் என்பதால் முதலில் ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அதைக் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். முதல் பெயர் அவருடையது. 1785-இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை ஊர் இன்றும் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்கிறது. திருநெல்வேலிச் சபையை நிறுவியவர் யார் என்று கேட்டால் மிஷனரிகளின் பெயரையே ஒப்பிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் விட்டபாடில்லை.

அடுத்த நூற்றாண்டில் பெண்களின் இந்தப் பணி தனி மனுஷியின் துணிச்சல் என்ற நிலையிலிருந்து ஓர் ஏற்பாடாக மாறுகிறது. உபதேசியாரின் மனைவி பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போய், வெளியே வராத பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். திருநெல்வேலியின் முதல் உள்நாட்டுக் குருக்களில் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாள் சத்தியநாதன், சென்னையில் கணவர் போதகராக இருக்க, பெண்கல்விப் பணியைத் தாமே நடத்தினார். ‘நல்ல தாய்’ என்ற நூலையும் எழுதினார். சம்பளம் குறைவு, பட்டம் இல்லை, ஆலோசனைக் கூட்டத்தில் இடமும் இல்லை. ஆனால் பணிக்கு ஒரு பெயர் இருந்தது, மிஷன் அறிக்கைகளில் ஒரு பத்தியாவது கிடைத்தது.

சாலமோன் இந்தத் தமிழ் மரபிலிருந்து கடல் கடந்தவர். போர்ட் பிளேரில் நிக்கோபார்ச் சிறுவர்களுக்கான ஆதரவில்லத்தில் பணியாற்றிவிட்டு, 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் குடியேறினார். அங்கே அவர் உபதேசியார் மட்டும் அல்லர், சர்க்கார் ஏஜெண்டும்கூட. தேங்காய்க்கும் கொப்பரைக்கும் வரும் வணிகக் கப்பல்களைக் கவனிக்க வேண்டும், வழக்கு வம்புகளை மேலிடத்துக்கு எழுத வேண்டும், பள்ளிக்கூடமும் நடத்த வேண்டும். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளைத் தீவுகளின் தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிள் 1901 மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையில் அச்சிட்டார். அதனால்தான் அவை நமக்குக் கிடைக்கின்றன. சூனியக்காரர் என்று கருதி ஊரார் கூடி ஒருவரைக் கொன்றுவிடும் வழக்கம் பற்றிய செய்திகள் அந்தக் குறிப்புகளில் வருகின்றன. துரைக்குத் தெரிய வேண்டியதை ஏஜெண்டு எழுதுகிறார். பெண்களுக்கு யார் ஜெபம் சொல்லிக்கொடுத்தார் என்பது துரை கேட்ட கேள்வி அல்ல.

என் வாதம் இங்கேதான். நிக்கோபாரில் சபைப்பணி பிறந்தபோதே சர்க்கார் உத்தியோகத்தோடு ஒட்டிப் பிறந்தது. சம்பளமும் அதிகாரமும் அந்த வழியில் வந்தன. அன்றைய சர்க்கார் அந்த உத்தியோகத்தைப் பெண்ணுக்குக் கொடுக்காது. தமிழ்நாட்டில் மிஷன் தனியாகவும் தாலுகா கச்சேரி தனியாகவும் இருந்ததால், இரண்டுக்கும் நடுவில் பெண்களுக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. மூஸில் அந்த இடைவெளி இல்லை.

வாரிசும் அப்படியே அமைந்தது. மேற்படிப்புக்காகப் பர்மாவின் மாண்டலேயில் இருந்த, எஸ்.பி.ஜி. என்னும் ஆங்கிலிக்க மிஷன் சங்கத்தின் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்கள் சிறுவர்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட்சன், சாலமோன் 1909-இல் இறந்த பிறகு, 1912-இல் ஊர் திரும்பினார். பள்ளி, பிரசங்கம், புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு சர்க்கார் பொறுப்புகளும் அவரிடம் வந்து சேர்ந்தன. 1950-இல் கல்கத்தாவின் உதவிப் பேராயர், 1952-இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். ஒரே மனிதர் தீவின் குருவாகவும் குரலாகவும் இருந்தார். அவர் தகுதியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எல்லா வாசலும் ஒரே வீட்டில் இருந்தால் மற்றவர் நுழைய வழி ஏது?

ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம் (1942–45) இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒற்றர் என்று பழிசுமத்திப் பலரைக் கொன்றார்கள். ரிச்சர்ட்சனின் மகனும் அவர்களில் ஒருவர். அதே போரில், அதே ஜப்பானியர் பிடித்திருந்த ஹாங்காங் மறைமாவட்டத்தில், மக்காவ் அகதிகளுக்குத் திருவிருந்து கொடுக்கக் குரு இல்லாமல் போனது. அந்த மறைமாவட்டத்தின் பேராயர் ஹால் 1944 ஜனவரியில் புளோரன்ஸ் லீ டிம்-ஓய் அம்மையாருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்க உலகில் அதுவே முதல் தடவை. ஏற்கெனவே உதவிக்குருவாகச் சபையை நடத்திவந்த பெண் ஒருவர் அங்கே தயாராக இருந்தார் என்பதே முக்கியம். நெருக்கடி மட்டும் போதாது, அதற்கு முன்பே ஒரு பெண் அந்தப் படிவரை வந்திருக்க வேண்டும். நிக்கோபாரில் அந்தப் படியே கட்டப்படவில்லை.

  

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, தமிழரால் விதைக்கப்பட்ட நிக்கோபார்ச் சபை அதில் சேரவில்லை. கல்கத்தாவின் கீழிருந்த அது பழைய ஆங்கிலிக்க மாகாணத்திலேயே தங்கியது. தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் எலிசபெத் பாலுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, இங்கிலாந்துத் திருச்சபைக்குப் பதினெட்டு ஆண்டு முன்னதாக. ‘தெற்கே இணைந்திருந்தால் நிக்கோபாரிலும் இது நடந்திருக்கும்’ என்று வாதிட இது வசதியான இடம். நான் அதை ஏற்கவில்லை.

காரணம் நந்தியால். ஆந்திராவின் அந்தப் பகுதி ஆங்கிலிக்கரும் 1947-இல் இணைய மறுத்தவர்கள். 1975-இல்தான் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தார்கள். அவர்களும் எஸ்.பி.ஜி. மிஷனில் வளர்ந்தவர்கள்தாம், நிக்கோபாரைப் போலவே பழைய மாகாணத்தில் இருந்தவர்கள்தாம். அதே நந்தியாலுக்குத்தான் 2013 செப்டம்பரில் புஷ்ப லலிதா பேராயராக அபிஷேகம் பெற்றார், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். ஆங்கிலிக்கப் பழமைதான் தடை என்றால் அது நந்தியாலில் இன்னும் பலமாக நின்றிருக்க வேண்டும். வட இந்தியத் திருச்சபையும் ஒடிசாவின் பூல்பானிக்கு வயலட் நாயக்கைப் பேராயராக்கிவிட்டது. ஆகவே விதி இன்று தடை அல்ல.

ரிச்சர்ட்சன் 1978-இல் காலமான பின் அந்த இறுகிய கட்டு தானாகவே பிரிந்தது. மக்களவை உறுப்பினரை வாக்காளர் தேர்ந்தெடுக்கிறார்கள், ஊர் வழக்குகளைக் கேப்டன் எனப்படும் ஊர்த்தலைவர்களும் பழங்குடி மன்றத்தாரும் பார்க்கிறார்கள், நிர்வாகம் அதிகாரிகளிடம் இருக்கிறது. பேராயரிடம் எஞ்சியிருப்பது சபை மட்டும். மாண்டலேக்குச் சிறுவர்களை மட்டும் ஏற்றிச்சென்ற கப்பலைப் போன்ற இன்னொன்று, அதாவது இறையியல் கல்லூரிக்கு மறைமாவட்டம் யாரைப் பரிந்துரைத்து அனுப்புகிறது என்ற ஒற்றை முடிவு, இப்போது முழுக்க அந்தச் சபையின் கையில்தான் இருக்கிறது.