13, 14, 15

பிதாகரஸுக்கு முன்னாடியே தமிழன் கண்டுபிடித்துவிட்டான் என்று ஒரு நாலுவரிப் பாட்டு, போதையனார் பெயரில், வாட்சாப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். செங்கோண முக்கோணத்தின் நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒன்றைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும் என்கிறது பாட்டு. வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம்.

நம் ஆட்களில் பாதிப் பேர் கைதட்டிவிட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். மீதிப் பேர் சிரிக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. போட்டுப் பார்க்கலாமே.

நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5 + 1.5 = 5. சரியான விடை. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5 + 2.5 = 13. இதுவும் சரி. நீளம் 15, உயரம் 8 என்றால் 17.125 வருகிறது, உண்மை விடை 17. நீளம் 10, உயரம் 1 என்று போட்டால் 9.25. கர்ணம் நீளத்தைவிடக் குட்டையாகிவிட்டது! அப்படி ஒரு முக்கோணம் இருக்கவே முடியாது. ஆக, இது தேற்றம் இல்லை, தோராயம். எங்கெல்லாம் துல்லியமாகப் பொருந்தும் என்று இருபடிச் சமன்பாடு போட்டுத் தேடினால் இரண்டே இரண்டு விகிதங்கள்தான் கிடைக்கின்றன: 4:3, 12:5.

ஏன் இந்த இரண்டு மட்டும்? இங்கேதான் கூட்டுத் தொடர் உள்ளே வருகிறது. எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் 'ஜன்ஜாங் அரித்மெட்டிக்' என்று படித்தோமே, அதேதான்.

பக்கங்கள் கூட்டுத் தொடரில் அமைந்த முக்கோணத்துக்கு ஒரு வசதி உண்டு. மூன்று பக்கங்களையும் கூட்டினால் நடுப்பக்கத்தின் மும்மடங்கு. அது செங்கோண முக்கோணமாகவும் இருந்தால் 3:4:5 தவிர வேறு வழியே இல்லை. பக்கங்களை a−d, a, a+d என்று வைத்து பிதாகரஸைப் போட்டால் a = 4d என்று இரண்டே வரியில் முடிந்துவிடும். சுற்றளவு 36 என்று தேர்வில் கேட்டால் நடுப்பக்கம் 12, மற்றவை 9, 15. பேனாவையே எடுக்க வேண்டாம்.

செங்கோணம் இல்லாத கூட்டுத் தொடர் முக்கோணங்களில் பேர்போனது 13, 14, 15. இது ரொம்ப தூரம் பயணம் போன முக்கோணம். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஹெரோன் தன் 'மெட்ரிக்கா' நூலில் இதை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறார். 628இல் பிரம்மகுப்தர், இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒரே உயரத்தில் ஒட்டவைத்து, வர்க்கமூலம் தலைகாட்டாத முக்கோணங்களைச் செய்யும் வழியைச் சொல்கிறார். 1150இல் பாஸ்கரரின் 'லீலாவதி'யிலும் இதே முக்கோணம் வருகிறது. அவர் எண்களைச் சொல்லாமல் 14க்கு மனு, 15க்குத் திதி என்று சொற்களை வைத்துச் செய்யுளாக்குகிறார்.

எல்லாருக்கும் இதன் மேல் ஏன் இவ்வளவு ஆசை? 14ஐ அடிப்பக்கமாக வைத்துச் செங்குத்து இறக்கினால் உயரம் 12, பரப்பளவு 84. எல்லாம் முழு எண். உள்ளே வரையும் வட்டத்தின் ஆரம் 4, உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பக்கங்கள் கூட்டுத் தொடரில் இருந்தாலே, நடுப்பக்கத்தின் மேல் நிற்கும் உயரத்துக்கும் அந்த ஆரத்துக்கும் இந்த உறவு எப்போதும் இருக்கும்.

இப்போது அந்தச் செங்குத்தின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். அடிப்பக்கம் 5ஆகவும் 9ஆகவும் பிரிகிறது. ஒரு பாதி 5, 12, 13. இன்னொரு பாதி 9, 12, 15, அதாவது 3:4:5. பாட்டு துல்லியமாகப் பொருந்தும் அதே இரண்டு விகிதங்கள்!

இன்னும் ஒரு படி போகலாம். 12 இரண்டுக்கும் பொது. 5 என்பது 9 ஆகும்போது 4 கூடுகிறது, கர்ணம் 13லிருந்து 15க்கு 2 கூடுகிறது. நாலுக்கு ரெண்டு, அதுதான் பாட்டில் வரும் 'பாதி'. 13இலிருந்து ஐந்தில் பாதியான 2.5ஐக் கழித்தால் மிச்சம் 10.5. பன்னிரண்டில் எட்டில் ஏழு பங்கு. பாட்டின் விதி முழுசாக வந்துவிட்டது. விதியைச் செய்தவர் இந்த வழியில்தான் போனார் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கையிலிருக்கும் இரண்டு நல்ல முக்கோணங்களை வைத்து, கூட்டல், வகுத்தல் மட்டும் தெரிந்தவருக்கும் உதவும்படி ஒரு விதி செய்ய வேண்டுமானால், இதைவிட நேரான வழி கிடையாது.

உயரம் நீளத்தில் கால் பங்குக்குக் குறையாமலும், நீளத்தைத் தாண்டாமலும் இருந்தால் பிழை 3 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். 4 மீட்டர் மரத்துக்கு 12 சென்டிமீட்டர். மரம் வாங்க இது போதும், அறுக்கப் போதாது. ஜொகூர் சைட்டுகளில் மூலை மட்டம் பார்க்க இன்றும் அளவு நாடாவில் 3, 4, 5 பிடிக்கிறோம். அங்கே தோராயம் செல்லாது.

பிதாகரஸ் தேற்றம், செங்கோண முக்கோணம் எதுவானாலும் பொருந்தும். பாட்டு இரண்டு விகிதங்களுக்கு மட்டும் அச்சாகப் பொருந்தும். இரண்டும் ஒன்றல்ல. பாட்டைத் தேற்றம் என்று தூக்கிப் பிடித்தால், ஒரு பள்ளிப் பிள்ளை 10, 1 என்று போட்டுப் பார்த்து ஒரே நிமிடத்தில் அதைக் கவிழ்த்துவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை பழைய தமிழ்க் கணக்கு எதையும் நம்பாது. வேலைத்தளத்துக்காகச் செய்த நல்ல தோராயம் என்று சொல்லிக்கொடுத்தால், யார் கேள்வி கேட்டாலும் அது நிற்கும். அடுத்த முறை அந்தப் பாட்டு கைப்பேசிக்கு வந்தால், அனுப்பியவருக்கு 13, 14, 15ஐத் திருப்பி அனுப்புங்கள்.