ஈடும் பிணையும்: ஏழையின் கடன் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வங்கிக் கடனையும் நுண்கடனையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் வட்டி வீதத்தையே முதலில் நோக்குவர். ஈடாக வைக்கப்படுவது யாது, பிணை நிற்பவர் யார், கடன் வழங்கும் நிதி யாருக்கு உரியது என்னும் வினாக்களும் அதேயளவு முக்கியமானவை. இலங்கையின் கடந்த நூற்றாண்டு வரலாறு இதனை நன்கு உணர்த்துகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் இங்கு இயங்கிய வங்கிகள் பெருந்தோட்டத் துறைக்கும் ஏற்றுமதி வணிகத்துக்குமே பணிபுரிந்தன. சுதேச வணிகர் அவற்றை நேரே அணுகுதல் அரிதாகையால், வங்கிகளிடம் பணம் பெற்று உயர்ந்த வட்டிக்குக் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இடைநின்றனர். சிறு விவசாயிக்குக் கிராமத்துக் கடைக்காரரும் காணிச் சொந்தக்காரருமே புகலிடம். யாழ்ப்பாணத்தில் காணியை ஒற்றி வைக்கும் வழக்கம் நிலவியது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவித்தார். காணியற்றவனுக்கோ அவ்வழியும் இல்லை.

இந்நிலையிலேயே 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழிவகுத்தது. ஜேர்மனியில் றைபைசன் வகுத்த கொள்கையைத் தழுவிய இச்சங்கங்களில் உறுப்பினரின் பொறுப்பு வரையறையற்றது. ஒருவர் தவறின் ஏனையோர் பொறுப்பேற்றல் வேண்டும். எனவே அயலவரின் நம்பிக்கையே ஈடாயிற்று. அங்ஙனம் பிணை நின்ற அயலவரே சங்கத்தின் சொந்தக்காரராகவும் விளங்கியமை ஈண்டு கவனிக்கற்பாலது. எனினும் காணியும் செல்வாக்கும் உடையோரின் கை பல சங்கங்களில் ஓங்கியிருந்தமையால், மிக வறியோர் வெளியிலேயே நின்றனர்.

வங்கிகளைக் கிராமத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சியும் மறுபுறம் நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கியும், 1961இல் மக்கள் வங்கியும், 1985இல் பிராந்திய கிராமிய அபிவிருத்தி வங்கிகளும் தோன்றின. 1967இல் புதிய விவசாயக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசின் ஆதரவுடன் வழங்கப்பட்ட இக்கடன்களின் வட்டி குறைவே. ஆயின் முன்னைய கடனைச் செலுத்தத் தவறியோர் புதிய கடன் பெறும் தகுதியை இழந்தனர். பயிர் அழிந்த விவசாயிக்கு வங்கியின் கதவு அடைபட்டது. காணி உறுதியோ நிரந்தர வருமானமுடைய பிணையாளரோ இல்லாத பெண்களுக்கு அது திறந்திருந்ததெனக் கூறுதல் அரிது.

இவ்விடைவெளியையே நுண்கடன் நிரப்ப முற்பட்டது. 1976இல் பங்களாதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமின் வங்கியாக மலர்ந்தது. ஈடின்றி, ஐவர் கொண்ட குழுக்களில் இணைந்த ஏழைப் பெண்களுக்கு அது கடன் வழங்கியது. கடன் பெற்றோரே அவ்வங்கியின் பெரும்பான்மைப் பங்குகளுக்கு உரியவராயினர். ஆகவே பிணையும் உரிமையும் அங்கும் ஓரளவு இணைந்தே நின்றன.

பின்வந்த வணிக நிறுவனங்கள் பல குழு முறையை எடுத்துக்கொண்டு உரிமையைக் கைவிட்டன. 2009இல் யுத்தம் முடிவுற்றபின், வடக்குக் கிழக்கில் வாழ்வாதாரம் இழந்த பெண்களை இத்தகைய நிறுவனங்கள் நாடிச் சென்றன. ஒருத்தி தவணை தவறினால் அயல்வீட்டுப் பெண்களே அவளை நெருக்க வேண்டியதாயிற்று. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெறப்பட்டது. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு விதித்தது.

அயலவரின் பிணை, நிதி அவர்களுக்கே உரியதாயிருந்தபோது, இடர்வேளையில் தவணை தள்ளிவைக்கும் அதிகாரத்தையும் அவர்களுக்கு அளித்தது. இலாபம் வேறிடம் செல்லத் தொடங்கியதும் அதே பிணை, ஊரவரைக் கொண்டே ஊரவரை நெருக்கும் கருவியாயிற்று. வங்கி ஏழையிடம் இல்லாத காணியைக் கேட்டது. உரிமையற்ற நுண்கடன் அவளிடம் எஞ்சியிருந்த அயலுறவையே ஈடாகப் பெற்றது. ஆகவே வட்டிக்கு வரம்பு விதிப்பதுடன் சீர்திருத்தம் அமைந்துவிடலாகாது. பிணை நிற்போருக்கே நிதியின் உரிமையையும் வழங்கும் அமைப்புக்களை மீளக் கட்டியெழுப்புதல் இன்றியமையாதது.