வேடன் சொன்ன உண்மை

சுவிட்சர்லாந்து நாட்டின் ரோன் பள்ளத்தாக்கில் மோந்தே என்றோர் ஊர் உண்டு. அவ்வூரை அடுத்த மலைச்சரிவில் கருங்கற்பாறைகள் பல சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் 'பியேர் அ ட்சோ' எனப்படும் பாறை, குறுகியதோர் அடியின்மேல், தொட்டால் உருண்டுவிடுமோ என்று நாம் அஞ்சுமாறு அமர்ந்திருக்கிறது. 'பியேர் தே மார்மெத்' என்னும் மற்றொன்றோ தன் உச்சியில் ஒரு சிறு வீட்டையே தாங்கி நிற்கும் அளவுக்குப் பெரியது. விந்தை யாதெனில், இக்கற்கள் அம்மண்ணுக்கு உரியவை அல்ல; தொலைவிலுள்ள மோன் பிளாங்க் மலைத்தொகுதியிலிருந்து வந்தவை. அதே மலைக் கருங்கல், 100 கிலோமீட்டருக்கும் அப்பால், சுண்ணாம்புக்கல்லாலான ஜூரா மலைச்சரிவுகளிலும் கிடக்கிறது.

அலைந்து திரிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அறிஞர்கள் இவற்றைச் சுட்டினர். செருமானியரோ, பெற்றோர் அறியாது கண்டெடுக்கப்பட்ட குழந்தையைக் குறிக்கும் சொல்லையே இவற்றுக்கு இட்டனர். இவற்றைப் பெற்ற மலை எது, சுமந்து வந்தது எது என்பதே அன்றைய வினா. பெருவெள்ளமே புரட்டி வந்தது என்றனர் ஒரு சாரார். கடலில் மிதந்த பனிக்கட்டிகள் சுமந்து வந்து உதிர்த்தன என்றனர் மற்றொரு சாரார்.

விடையை முன்னரே அறிந்திருந்தார் ஒருவர். அவர் பாஞ் பள்ளத்தாக்கின் லூர்த்தியே என்னும் சிற்றூரைச் சேர்ந்த வேட்டைக்காரர். ழான் பியேர் பெரோதன் என்பது அவர் பெயர். 1815-ஆம் ஆண்டில், பெக்ஸ் நகர உப்புச் சுரங்கங்களின் இயக்குநரான ழான் டி சார்பாந்தியே அவருடைய குடிலில் ஓரிரவு தங்கினார். நம் பள்ளத்தாக்கின் பனியாறு முன்னொரு காலத்தில் மார்ட்டினி நகர் வரை நீண்டிருந்தது. அங்குள்ள பெரும்பாறைகளே அதற்குச் சான்று. அவற்றை நீர் கொண்டுவந்திருக்க இயலாது என்றார் வேடர். கற்றறிந்த விருந்தினரோ அதனை ஆராயவும் தகாத கற்பனை என்று ஒதுக்கிவிட்டார்.

வேடரின் சொல்லைப் பொருட்படுத்தியவர் இக்னாஸ் வெனெட்ஸ் என்னும் பொறியாளர். அவர் ஆண்டுக்கணக்கில் மலைகளை ஆராய்ந்து, 1829-இல் அறிஞர் அவையில் அக்கருத்தை முன்வைத்தார். அதனை மறுக்கப் புகுந்த சார்பாந்தியே, சான்றுகளைக் காணக்காணத் தாமே அதன்பால் ஈர்க்கப்பட்டார். 1834-இல் அதுபற்றி உரையாற்ற லூசர்ன் நகருக்குச் சென்றபோது, மைரிங்கன் ஊர் மரவெட்டி ஒருவர் வழியில் உடன்நடந்தார். சாலையோரக் கருங்கல் ஒன்றைக் கண்டு, இது கிரிம்செலிலிருந்து வந்தது, பனியாறே கொண்டுவந்தது, அப்பனியாறு பெர்ன் நகர் வரை சென்றிருந்தது என்று அவர் இயல்பாகக் கூறினாராம்!

அச்சான்றுகள் யாவை? நீர் உருட்டும் கல் தேய்ந்து வழவழப்பாகும். நீர் பெரியதை முன்னும் சிறியதைப் பின்னுமாக வகைப்படுத்திப் படியவைக்கும். பனியாறோ மணலையும் மலைபோன்ற பாறையையும் ஒருங்கே சுமக்கும். அதன் முதுகேறி வந்த பாறையின் விளிம்புகள் கூர்மை மழுங்குவதில்லை. பனி மெல்ல உருகுங்கால் பாறை மெதுவாகத் தரையில் இறக்கப்படுகிறது. எனவேதான் எவ்வெள்ளமும் நிறுத்தவியலாத நிலையில் சில பாறைகள் நிற்கின்றன.

1836-இல் பெக்ஸ் வந்த லூயி அகாசி, ஐயத்தோடு வந்து தெளிவோடு திரும்பினார். மறு ஆண்டே நூஷாத்தெல் நகரில் பனியூழிக் கொள்கையை முழங்கினார். 1840-இல் நூலாகவும் வெளியிட்டார். அதனை வெனெட்ஸ், சார்பாந்தியே இருவருக்கும் காணிக்கையாக்கினார் எனினும், நெடுநாள் உழைத்த சார்பாந்தியேயின் நூல் 1841-இல்தான் வெளிவந்தது. புகழ் முந்தியவரையே சேர்ந்தது, நட்பும் கசந்தது.

ஆயினும் சார்பாந்தியே செய்த ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகிறது. வேடர் சொன்னதையும், தாம் அதனை இகழ்ந்ததையும், மரவெட்டியின் மொழியையும் தம் நூலில் ஒளியாமல் எழுதிவைத்தார். அரபு வரலாற்று நூலோர், செய்தியோடு அதனைச் சொன்னோரின் பெயர்வரிசையையும் கூறுவதை 'இஸ்னாத்' என்பர். கற்களின் பிறப்பிடத்தைத் தேடிய அவ்வறிஞர், தாம் பெற்ற அறிவின் பிறப்பிடத்தையும் மறைத்தாரில்லை. நூல் எழுதாத பெரோதனின் பெயரை இன்று நாம் அறிவது அந்நேர்மையால் அன்றோ!