தட்டியின் உயரமும் தனியுரிமையும்: இந்தியாவில் வளரிளம் பருவத்தினரின் கணினிப் பயன்பாடும் காவலும் (1995–2025)

முன்னுரை

வளரும் பிள்ளையைப் பெற்றோர் எந்த அளவிற்குக் கண்காணிக்கலாம் என்னும் வினா தமிழ் அகமரபிற்குப் புதியதன்று. தலைவியின் மேனி வேறுபாடு கண்டு தாய் ஐயுறுதலும் அவளை இற்செறித்தலும் களவொழுக்கத்தின் இன்றியமையாக் கூறுகளாக விளங்குகின்றன. தாய் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, ஊர் துஞ்சாமை எனக் களவிற்கு நேரும் தடைகளை அகப்பொருள் இலக்கணம் வகைப்படுத்தும். ஆயின் அக்காவல் அனைத்தும் தலைவி அறிந்த காவலாகும். தாய் விழித்திருக்கிறாள் என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். தெரிந்தமையாலேயே அதனைக் குறித்துப் பேசவும், உரிய காலத்தில் அறத்தொடு நிற்கவும் இயன்றது.

கணினி வந்த பின்னர்ப் பிள்ளை அறியாதவாறு அவன் எழுதிய மடலையும் தேடிய சொல்லையும் படிக்க வல்ல காவல் தோன்றிற்று. இம்மாற்றம் இந்தியாவில் எவ்வாறு நிகழ்ந்தது, சட்டம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பவற்றை 1995 முதல் 2025 வரையிலான முப்பது ஆண்டு வரலாற்றின்வழி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இந்நாட்டில் காவல் முந்தியது, உரிமை பிந்தியது. பிந்தி வந்த உரிமையும் வீட்டு வாயிலில் நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சொல்லும் பொருளும்

இப்பொருளைத் தமிழில் பேசப் புகுவார்க்குச் சொல்லே முதல் இடர்ப்பாடாக அமைகிறது. அந்தரங்கம் என்பது பெரிதும் இரகசியம் என்னும் பொருளில் வழங்குகிறது. தனிமை என்பது துணையின்மையைச் சுட்டும். மறைவு என்னும் சொல்லோடு குற்றத்தின் நிழல் சேர்ந்தே வரும். இன்று நிலைபெற்றுவரும் தனியுரிமை என்னும் சொல்லோ வணிகத்தில் ஒருவர்க்கே உரிய விற்பனை உரிமையைக் குறிக்கவும் ஆளப்பட்டதாகும். 'எனக்கு அந்தரங்கம் வேண்டும்' என்று பதினாறு வயது மகள் கூறின், 'எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்று தாய் வினவுவது இயல்பே. ஒன்றை மறைத்தலும் ஒன்றைத் தனக்கென வைத்துக்கொள்ளுதலும் வேறு வேறு என்பதனை உணர்த்தும் சொல் வழக்கில் வேரூன்றுமுன்னரே கணினி வீட்டிற்குள் வந்துவிட்டது.

பொது இடத்துக் கணினி

1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பைத் தொடங்கியது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களும் இச்சேவையை வழங்க இசைவு பெற்றன. இதனைத் தொடர்ந்து நகரத் தெருக்களில் இணைய மையங்கள் பெருகின. வீட்டில் கணினி வாங்க இயலாத நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தி அங்கேயே இணையத்தை முதன்முதலாகக் கண்டனர். ஆகவே, இந்தியாவில் வளரிளம் பருவத்தினரின் கணினித் தனிமை தொடங்கிய இடம் வீட்டு அறையன்று; பலகைத் தட்டிகளால் பிரிக்கப்பட்ட கடை அறையே எனலாம்.

இதே காலத்தில் நிகழ்ந்த மற்றொரு முயற்சி ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1999இல் சுகதா மித்ராவும் அவர்தம் குழுவினரும் தில்லி கால்காஜிப் பகுதியில் என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் எல்லைச் சுவரில் ஒரு கணினியைப் பதித்தனர். சுவருக்கு அப்பால் இருந்த குடிசைப்பகுதிச் சிறார்கள் ஆசிரியரோ பெற்றோரோ மேற்பார்வையிடாத நிலையில், கூட்டமாக நின்று அதனை இயக்கக் கற்றுக்கொண்டனர். ஒரே காலத்தில் ஒருபுறம் மேற்பார்வையின்மை கல்விக்கு வாயிலாகப் போற்றப்பட்டது. மறுபுறம் அதுவே ஒழுக்கக் கேட்டிற்கு வாயிலாக அஞ்சப்பட்டது. பின்வந்த சட்டங்கள் இரண்டாவதன் வழியே நடந்தன.

தட்டியின் உயரம்

2001இல் பம்பாய் உயர் நீதிமன்றம், இணையத்தின் ஆபாச உள்ளடக்கத்திலிருந்து சிறாரைக் காக்கும் வழிகளை ஆராயக் குழு ஒன்றினை அமைத்தது. சிறார்கள் இணைய மையத்தின் பொதுவெளியில் உள்ள கணினிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அக்கணினிகளில் வடிகட்டும் மென்பொருள் பொருத்தப்பட வேண்டும் என்னும் கருத்துகளை அக்குழு 2002இல் அளித்த அறிக்கையில் முன்வைத்தது. 2004இல் கர்நாடகம் இணைய மையங்களுக்கெனத் தனி ஒழுங்குமுறைகளை வகுத்தது.

அதே 2004இன் இறுதியில், தில்லிப் பள்ளி மாணவர் இருவர் தொடர்பான கைப்பேசிக் காட்சிப்பதிவு இணைய ஏலத்தளம் ஒன்றில் விற்பனைக்கு வந்தது. அத்தளத்தின் தலைமை அலுவலர் கைதானார். பதிவு பரவியதால் அம்மாணவர்களின் அந்தரங்கம் சிதைந்ததே அந்நிகழ்வின் முதற்கேடு. ஆயின் பொதுவிவாதமோ பிள்ளைகளின் கையில் கைப்பேசி இருக்கலாமா என்பதனையே பெரிதும் சுற்றி நின்றது. பாதிக்கப்பட்டோரின் உரிமை பேசப்பட வேண்டிய இடத்தில் அவர்தம் ஒழுக்கம் பேசப்பட்டது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டபோது, சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் உள்ளடக்கத்தைத் தண்டிக்கும் 67பி பிரிவு சேர்க்கப்பட்டது. அது தேவையான காப்பே. எனினும் சிறாரின் தனியுரிமை என்னும் கருத்து அதில் இடம்பெறவில்லை.

2011 ஏப்ரலில் வெளியான இணைய மைய வழிகாட்டு விதிகள் இப்போக்கின் உச்சமாகும். தட்டியின் உயரம் தரையிலிருந்து நாலரை அடியை மிஞ்சலாகாது. தட்டிக்கு வெளியே உள்ள கணினிகளின் திரை பொதுவெளியை நோக்கியிருத்தல் வேண்டும். பெற்றோரோ பாதுகாவலரோ உடனிருந்தாலன்றிச் சிறாரைத் தட்டிக்குள் அமர்த்தலாகாது. அடையாள அட்டை இல்லாத சிறார் வயது வந்தோர் ஒருவருடனேயே வருதல் வேண்டும். பார்த்த தளங்களின் பதிவு குறைந்தது ஓராண்டு பேணப்பட வேண்டும். இந்திய வளரிளம் பருவத்தினருக்குக் கணினியின் முன் எவ்வளவு தனிமை உண்டு என்பதனை அளவிட்டுக் கூறிய முதல் நாடுதழுவிய ஆவணம் இது எனக் கருத இடமுண்டு. அவ்வளவு நாலரை அடிப் பலகையாக வரையறுக்கப்பட்டமை எண்ணத்தக்கது.

இவ்விதிகளில் ஒரு நேர்மை இருந்தது என்பதனையும் மறுத்தலாகாது. தட்டி தாழ்ந்திருப்பதை உள்ளே நுழைபவர் கண்ணால் காண்பர். பதிவேட்டில் தம் கையாலேயே ஒப்பமிடுவர். காவல் கடுமையானதே. ஆயினும் தெரிந்த காவலாக அது இருந்தது.

வீட்டினுட் புகுந்த காவல்

இணைய மையங்களைப் பற்றி விதிகள் வகுக்கப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே கணினி அவற்றைவிட்டு வெளியேறத் தொடங்கியது. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்திலேயே பெற்றோர் கட்டுப்பாடு என்னும் வசதி உள்ளடங்கியிருந்தது. நேர வரையறை, தளத் தடை ஆகியவற்றோடு பிள்ளையின் பயன்பாட்டை அறிக்கையாகத் தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதன் பின்னர்த் தரவின் விலை வீழ்ந்தது. திறன்பேசி பள்ளி மாணவர் கைக்கும் எட்டியது. 2017இல் கூகுள் ஃபேமிலி லிங்க், 2018இல் ஆப்பிள் நிறுவனத்தின் திரைநேரக் கட்டுப்பாடு எனக் கருவிகள் தொடர்ந்தன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறையே கைப்பேசிக்குள் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் நடுவண் கல்வித்துறை வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிட அளவிலான 2 அமர்வுகள், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 4 அமர்வுகள் என மேல்வரம்பு விதித்தது. நேரத்திற்கு அளவு கூறப்பட்டது. பெற்றோர் பார்வைக்கு அளவு கூறப்படவில்லை. பல வீடுகளில் தந்தையின் கைப்பேசியே பிள்ளையின் பள்ளியாக இருந்தமையால் பாடக்குறிப்பும் நண்பர் உரையாடலும் பெற்றோர் கண்முன் ஒன்றாகவே கிடந்தன. கருவி வீட்டின் பொதுவுடைமை. அதனுள் இருக்கும் மனம் பிள்ளைக்கே உரியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கான வழக்கம் எதுவும் வீடுகளில் உருவாகியிருக்கவில்லை.

உரிமையின் வரவு

தனியுரிமை பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனை நீண்ட தயக்கத்திற்குப் பின்னரே முதிர்ந்தது. 1962இல் கரக் சிங் வழக்கில், காவலர்கள் இரவில் ஒருவரது வீட்டிற்கு வந்து கதவு தட்டும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. ஆயினும் தனியுரிமையை அடிப்படை உரிமையாகப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை அடிப்படை உரிமையென ஒருமனதாக உறுதி செய்தது. அதில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியே எழுதிய தீர்ப்புரை சிறாரைப் பற்றியும் பேசுகிறது. குழந்தைப் பருவத்தில் அறியாமையால் செய்த பிழைகள் வாழ்நாள் முழுதும் ஒருவரைத் தொடர்தல் கூடாது என்பதும், சிறாரின் தனியுரிமைக்குச் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அதன் சாரமாகும்.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் குறிப்பிட்ட நேரம் கைப்பேசியை ஒப்படைக்க மறுத்து வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுதல் கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. அம்மாணவி பள்ளிப் பருவம் கடந்தவர். 16 வயது மாணவிக்கு வீட்டில் அவ்வுரிமை உண்டா என்னும் வினா அங்கு எழவில்லை.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்றும், நிறுவனங்கள் குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களை இலக்காக்கி விளம்பரம் செய்தலும் கூடாது என்றும் அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வெளியாயின. பெற்றோர் இசைவு பற்றிய கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதே சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது இல்லத் தேவைக்காகத் தரவைக் கையாளுதலைத் தன் எல்லைக்கு வெளியே விடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ தந்த இசைவையே அளவுகோலாகக் கொள்கிறது. கருவியை வாங்கியவர் பெற்றோராயின், அவரைத் தடுக்கும் சட்டச்சொல் அங்கு இல்லை. நிறுவனத்தின் கண்ணிலிருந்து பிள்ளையைக் காக்கும் சட்டம், வீட்டின் கண்ணைப் பற்றி வாய் திறவாதிருக்கிறது.

தெரிந்த காவலும் தெரியாக் காவலும்

பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. இணையவழிப் பாலியல் சுரண்டலும் மிரட்டலும் உண்மையான கேடுகளே. ஆகவே காவல் வேண்டுமா என்பதன்று வினா. எத்தகைய காவல் என்பதே வினா. இவ்விடத்துச் சட்டம் செய்யாத பாகுபாட்டை வணிகத்தளம் ஒன்று செய்திருப்பது வியப்பிற்குரியது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கூகுள் ப்ளே விதி, மறைந்திருந்து உளவறியும் செயலிகளைத் தடை செய்தது. பிள்ளைகளுக்கான மேற்பார்வைச் செயலிகளுக்கு விலக்களித்து, அவை இயங்குவதைத் திரையில் இடையறாது அறிவித்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தது.

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் உறுப்பு குழந்தையின் அந்தரங்கத்தையும் மடற்போக்குவரத்தையும் காக்கிறது. 5ஆம் உறுப்பு வளர்ந்துவரும் ஆற்றலுக்கேற்பப் பெற்றோர் வழிகாட்டுதல் அமைய வேண்டும் என்கிறது. உடன்படிக்கைக் குழு 2021இல் வெளியிட்ட 25ஆம் பொதுக்கருத்துரை, பெற்றோரின் கண்காணிப்பு தேவைக்கு ஏற்ற அளவினதாகவும் பிள்ளையின் முதிர்ச்சிக்கு இயைந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. பொறுப்பின்றிப் பொருத்தப்படும் கண்காணிப்பு, உதவி எண்ணை நாடவோ தன் துயர் குறித்துத் தேடவோ பிள்ளைக்கு இயலாமற் செய்யலாம் என்றும் அது எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கையே இப்பொருளின் உயிர்நிலை. துன்பம் செய்பவர் வீட்டிற்குள்ளேயே இருப்பின், 1098 என்னும் எண்ணைத் தேடிய சொல் யார் கண்ணிற்குச் செல்கிறது என்பது பிள்ளையின் நலத்தையே தீர்மானிக்கும்.

வயது பற்றிய தமிழ் மரபும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்டிர் பருவத்தை ஏழாகப் பகுத்தது உலா இலக்கியம். வயதெல்லை கூறுவதில் பாட்டியல் நூல்கள் வேறுபடினும், பெதும்பையும் மடந்தையும் ஒரு தன்மையர் அல்லர் என்பதில் அவற்றிடையே வேறுபாடில்லை. அப்பகுப்பின் நோக்கம் வேறு. அதில் பெண்ணின் உரிமைக்கு இடமுமில்லை. ஆயினும், வளர்ச்சி படிப்படியானது என்னும் அறிவு அதில் உண்டு. ஏழு வயதுக் குழந்தையையும் பதினேழு வயது மாணவரையும் ஒரே கோட்டிற்குள் நிறுத்தும் இன்றைய சட்டத்தில் அவ்வறிவு காணப்படவில்லை.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, இந்தியாவில் வளரிளம் பருவத்தினரின் கணினிப் பயன்பாட்டின் மீதான காவல், கடையின் தட்டியில் தொடங்கி வீட்டின் கைப்பேசிக்குள் குடிபுகுந்தது என்பதும், அந்நகர்வில் அது கண்ணுக்குப் புலப்படும் தன்மையை இழந்தது என்பதும் பெறப்படும். தனியுரிமை அடிப்படை உரிமையாக ஏற்கப்பட்ட பின்னரும், அவ்வுரிமையைப் பிள்ளையின் சார்பில் செலுத்துவோராகவும் பிள்ளையைக் கண்காணிப்போராகவும் பெற்றோரே நிற்கின்றனர். காவலைப் பிள்ளைக்கு அறிவித்தல், வயது ஏற ஏற அதனைத் தளர்த்தல், உதவி நாடும் வழியை எந்நிலையிலும் அடைக்காதிருத்தல் ஆகிய மூன்றும் சட்டத்தில் இடம்பெறும் நாள் தொலைவிலிருக்கலாம். வீட்டில் இடம்பெறுவதற்குச் சட்டம் தேவையில்லை. அகமரபின் தாய் துஞ்சாதிருந்தாள்; ஆயினும் தான் விழித்திருப்பதை அவள் மகளிடம் மறைத்ததில்லை.