துருப்பிடித்த இரும்பும் துருப்பிடிக்காத உண்மையும்

பரணிலே ஒரு பழைய தகரப் பெட்டி. பெட்டிக்குள் எண்ணெய்த் துணி. துணிக்குள் ஒரு ரிவால்வர்! இராயபுரத்துச் சந்திலோ, திருவொற்றியூர்த் தெருவிலோ, எண்ணூர்க் குப்பத்திலோ உள்ள ஒரு வீட்டில், பாட்டனார் மறைந்த பின் பேரன் கைக்கு இப்படியொரு பொருள் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடி என்ன நிகழும்? கதை பிறக்கும்!

"எம்டன் கப்பல் தளபதி விட்டுச் சென்றது" என்பார் ஒருவர். "கட்டபொம்மன் காலத்தது" என்று முழங்குவார் மற்றொருவர். ஆயுத பூசை வந்ததும் சந்தனமும் குங்குமமும் அப்பி, சூடம் காட்டி, அந்த இரும்பைத் தெய்வமாக்கியும் விடுவர். எந்த இடத்தில் அதன் பிறப்புச் சான்று பொறிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த இடத்திலேயே குங்குமம் படியும்! பக்தி கண்ணை மறைக்கும் என்போம். இங்கே எழுத்தையே மறைத்துவிடுகிறது.

கதைகளை எடைபோட்டுப் பார்ப்போம். எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊர் நடுங்கியது, 'எம்டன்' என்ற சொல்லே தமிழில் குடியேறியது. அத்தனையும் உண்மை. ஆனால் அந்தக் கப்பலிலிருந்து ஒருவரும் சென்னைக் கரையில் இறங்கவில்லை. இறங்காத தளபதி எதை விட்டுச் செல்வார்? கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799-இல். சுழல் துப்பாக்கியை ஆலைச் சரக்காக்கிய அமெரிக்கர் சாமுவேல் கோல்ட் தம் நாட்டில் காப்புரிமை பெற்றது 1836-இல். முப்பத்தேழு ஆண்டுப் பள்ளத்தை எந்த வீர வசனம் நிரப்பும்?

கதை வேண்டாம், கருவியையே கேட்போம். ஆனால் கேட்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எவ்வளவு பழையதாயினும் அதற்குள் தோட்டா இருக்கிறது என்றே கருதவேண்டும். விசையைத் தொடக்கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரையோ காவல் நிலையத்தையோ நாடி, அறிந்தவர் கையால் சோதிக்கச் செய்வதே அறிவுடைமை.

முதற் சான்று, அமைப்பு. தோட்டா அறைகளைக் கொண்ட உருளையின் பின்புறம் முலைக்காம்பு போன்ற முனைகள் உண்டா? அப்படியானால் அது, 'கேப்' எனும் சிறு செம்பு மூடியை அம்முனையில் பொருத்திச் சுட்ட தலைமுறை. பெரும்பாலும் 1870-க்கு முற்பட்டது. பித்தளைத் தோட்டாவைப் பின்புறமாகச் செருகும் வகையா? அப்படியானால் அதற்குப் பிந்திய தலைமுறை. பிரிட்டிஷ் படை வெப்ளி ரிவால்வரை ஏற்றது 1887-இல். அவ்வரிசையின் ஆறாம் மாதிரி வந்தது 1915-இல்.

இரண்டாம் சான்று, முத்திரை. துப்பாக்கிக் குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதித்து முத்திரையிடும் நிலையங்கள் ஐரோப்பாவில் இருந்தன. பர்மிங்காம் நிலையம் 1813-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் நீள்வட்டத்துக்குள் 'ஈ. எல். ஜி.' என்னும் எழுத்துகளைப் பொறித்தது. 1893 முதல் அவ்வட்டத்தின் மேல் ஒரு மகுடமும் ஏறியது. மகுடம் உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்வி, காலத்தை இரண்டாக வெட்டிக் காட்டிவிடுகிறது! ஆனால் ஒன்றை மறவாதீர்: பொறித்த ஆண்டெல்லாம் பிறந்த ஆண்டன்று. காப்புரிமை பெற்ற ஆண்டையே பொறித்து, பல ஆண்டுகள் விற்றவர்களும் உண்டு.

மூன்றாம் சான்று, பெயர். 'என்ஃபீல்டு' என்று பொறித்திருந்தால் திருவொற்றியூர் இளைஞன் வியப்பான்: "நம் ஊர் மோட்டார் சைக்கிள் கம்பெனி துப்பாக்கியும் செய்ததா?" இல்லை, தம்பி! இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்தது அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை. அதற்கு உறுப்புகள் செய்துகொடுத்த ரெடிச் நகரத்துக் கம்பெனி, 1890-களில் அந்தப் பெயரைத் தன் சரக்குக்குச் சூட்டிக்கொண்டது, பீரங்கியைச் சின்னமாக்கிக்கொண்டது. 1955-இல் அந்தப் பெயர் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் ஆலையாக எழுந்தது. பெயர் ஒன்று, பிறப்பு வேறு. இன்னும் கேளுங்கள்: 1920-களில் வெப்ளி மாதிரி ரிவால்வர்களையும் அந்த என்ஃபீல்டு தொழிற்சாலை செய்தது. பெயரைக் கண்டு ஏமாறுவதற்கு இது போதாதா?

நான்காம் சான்று, எண். 1914 ஆகஸ்ட் 26-இல் கல்கத்தாவின் ரோடா கம்பெனிக்கு வந்த 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர்கள் கவர்ந்தனர். ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் கம்பெனிக் கணக்கில் இருந்தது. பின்னர் சிக்கியவை எவை என்று அந்த எண்களே காட்டிக்கொடுத்தன. ஆட்சிக்கு உதவிய அதே எண், வரலாற்றுக்கும் உதவியது. பகத்சிங்கின் கோல்ட் பிஸ்டல் பல்லாண்டுக் காலம் இந்தூரில், எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் கறுப்பு வண்ணம் பூசப்பட்டு, பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. 2016-இல் வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். 168896 என்ற எண் வெளிப்பட்டது. வழக்குப் பதிவேட்டின் எண்ணோடு பொருந்தியது. 'நான் ஏன் நாத்திகன்' என்று எழுதிய மாவீரனின் படைக்கலத்தை அடையாளம் காட்டியது அசரீரியன்று, ஆறு இலக்கங்கள்!

இனி, கருவியில் இல்லாத சான்று ஒன்றையும் கேட்போம்: நம் பாட்டன் கையில் இது எப்படி வந்தது? 1878-இல் லிட்டன் ஆட்சி தாய்மொழி ஏடுகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டது; அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் கொண்டுவந்தது. எழுத்துக்கும் பூட்டு, இரும்புக்கும் பூட்டு! இந்தியனுக்கு உரிமம் வேண்டும். வெள்ளையனுக்கு விலக்கு உண்டு. அந்த நாளில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் தோளில் கொக்கி இருந்தது. இடுப்பில் ரிவால்வர் இருந்ததில்லை. ஆகவே உரிமத் தாளோ, படைப்பணி விடுப்புச் சான்றோ, விற்பனைச் சீட்டோ பெட்டியடியில் கிடந்தால், துப்பாக்கியைவிட அந்தத் தாளே பெருஞ்செல்வம்.

தேடிய முடிவு கசக்கவும் கூடும். வீரன் ஏந்தியது என்று நம்பியது, ஆலைத் துரையின் மேசையில் இருந்ததாகத் தெரியலாம். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட மண் இது. 1921-இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது போலீசின் துப்பாக்கிச் சூட்டைக் கண்ட மண்ணும் இதுவே. நம் முன்னோர் துப்பாக்கியின் பிடிப்பக்கம் நின்றவர்களா, குழலின் எதிரே நின்றவர்களா? எதிரே நின்றவர்களாயின் அதில் இழிவென்ன? பொய்யான ரிவால்வர் கொண்டு அவர்களுக்குப் பெருமை தேடித்தர வேண்டியதில்லை.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றிச் சுடுகலன் வைத்திருப்பது குற்றம். பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அது அத்தகையதா என்று முடிவுகட்ட வேண்டியவர் பேரன் அல்லர். காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவதே நேர்வழி.

அண்டை வீட்டான் புராணத்தை ஆராய்வது எளிது. தன் வீட்டுப் பரண்மேல் உள்ள புராணத்தை ஆராய்வதே அரிது. அங்கே தொடங்குவோம், தோழர்களே! குங்குமத்தைத் துடைப்போம், எழுத்தைப் படிப்போம்.